அரசாங்க ஒப்பந்த வேலையை ஆலோசகர்கள் வெல்வது எப்படி? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனியாக ஆலோசகர் வேலை செய்கிறேன். பயிற்சித் திட்டங்களையும் சமூகத் திட்டங்களையும் மதிப்பிட்டு அறிக்கை தருவது என் தொழில். வருமானத்தில் பாதிக்குமேல் அரசாங்க அமைப்புகளிடமிருந்து வருகிறது. தேக்காவில் கோப்பி குடிக்கும்போதும் வாட்ஸ்அப்பிலும் நண்பர்கள் கேட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொருள் விற்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அறிவையும் நேரத்தையும் விற்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

இந்தியாவில் மத்திய அரசு, மாநில அரசு என்று இரண்டு உண்டு. இங்கே யாரிடம் போக வேண்டும்?

இங்கே அரசாங்கம் ஒன்றுதான். ஆனால் வாங்குபவர்கள் பலர். 16 அமைச்சுகள், அவற்றின்கீழ் 50க்கும் மேற்பட்ட கழகங்கள், வாரியங்கள், ஆணையங்கள்: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), தேசிய நூலக வாரியம், மக்கள் கழகம் என்று பட்டியல் நீளும். அரசாங்கப் பள்ளிகளும் தங்களுக்கு வேண்டிய பயிற்றுநர்களைத் தாங்களே தேடி அமர்த்துகின்றன. ஒவ்வோர் அமைப்பும் தன் பட்ஜெட்டில் தானே வாங்கும், ஆனால் எப்படி வாங்க வேண்டும் என்ற விதியை வகுப்பது நிதி அமைச்சு. கடை பல, தராசு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புகள் எங்கே வரும்?

ஜிபிஸ் தளத்தில். அது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்கக் கொள்முதல் இணையத்தளம். அழைப்புகள் அதில்தான் வருகின்றன. என்னென்ன வேலைகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று பார்க்கக் கணக்கு எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விலை கொடுக்க, அதாவது 'இந்த வேலையை இவ்வளவுக்குச் செய்து தருகிறேன்' என்று போட்டியிடத்தான், வணிகப் பங்காளியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

தொகையைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு. மிகச் சிறிய தொகை என்றால் அதிகாரி நேரடியாக விசாரித்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் விலைக்குறிப்பு கேட்பார்கள், நாமெல்லாம் கொட்டேஷன் என்று சொல்வது. அதற்கும் மேல் போனால் ஏலக்குத்தகை, அதாவது டெண்டர். 2019இல் இந்த எல்லைகளை 6,000 வெள்ளி, 90,000 வெள்ளி என்று உயர்த்தினார்கள். இவை அவ்வப்போது மாறும் எண்கள் என்பதால் விலை கொடுக்கும் நாளில் நிதி அமைச்சின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளுக்கு நடு வழிதான் வாசல். முதல் இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் கொட்டேஷன் வேலைகள். ஏலக்குத்தகையில் பெரிய நிறுவனங்கள் பத்துப் பேர் கொண்ட குழுவைக் காட்டும். ஒரு பட்டறை நடத்துவது, ஒரு கையேடு எழுதுவது, ஒரு கருத்தாய்வை அலசிக் கொடுப்பது போன்ற வேலைகளுக்கு அந்தப் பத்துப் பேர் வருவதே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். நிறுவனம் இல்லாமல் முடியுமா?

தொழில்களையும் நிறுவனங்களையும் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் பதிவு வேண்டும். தனி உரிமையாளராகப் பதிய 115 வெள்ளி, தனியார் நிறுவனமாகப் பதிய 315 வெள்ளி. வீவக வீட்டு முகவரியைப் பயன்படுத்த வீட்டு அலுவலகத் திட்டத்தின்கீழ் அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஆலோசனைத் தொழிலுக்கு அதில் சிக்கல் இல்லை. பிறகு நிறுவனங்கள் அரசாங்கத் தளங்களைப் பயன்படுத்த வேண்டிய கோர்ப்பாஸ் கணக்கைத் திறந்து, ஜிபிஸ் சேவையை உங்கள் பெயருக்கு ஒதுக்கி, உங்கள் சொந்த மின்னடையாளமான சிங்பாஸ் கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் பிடித்தமான அழைப்பு ஒன்றைப் பார்த்த பிறகு தொடங்காதீர்கள். கொட்டேஷன் சில நாட்களே திறந்திருக்கும், பதிவு முடிவதற்குள் அது மூடிவிடும்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருக்கிறேன். மாலை நேரங்களில் ஆலோசனை வேலை எடுக்கலாமா?

கூடாது. அது வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதி, உங்களை அமர்த்திய நிறுவனத்துக்கான வேலைக்கு மட்டும். நண்பர் பெயரில் விலை கொடுத்துவிட்டு நீங்கள் வேலை செய்வதும் அதே தவறுதான். இதற்காக அனுமதியையே இழக்க நேரும். ஆசை இருந்தால், என்ன வழி என்று மனிதவள அமைச்சிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உள்ளே ஆள் தெரிந்தால்தானே கிடைக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ் நண்பர் யாரும் இல்லை. ஊரில் பார்த்து வளர்ந்த வழக்கம் அப்படிக் கேட்க வைக்கிறது, அதில் குற்றம் இல்லை. ஆனால் இங்கே அந்த எண்ணத்தோடு போனால் நேரமும் போகும், பெயரும் போகும்.

எனக்குக் கிடைத்த முதல் நான்கு வேலைகளில், வென்ற செய்தி வரும்வரை அந்த அதிகாரிகளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தேவையை எழுதுபவர் ஒருவர், மதிப்பிடும் குழு வேறு, ஒப்புதல் தருபவர் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முடிந்த பிறகு தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் வந்து புரட்டிப் பார்க்கும். அதன் ஆண்டறிக்கையில் அமைப்புகளின் பெயரோடு கொள்முதல் குறைகள் அச்சாகின்றன. 2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 பிராம்ப்டன் மடக்கு சைக்கிள்களை 57,200 வெள்ளிக்கு வாங்கியது பெரிய செய்தியானது நினைவிருக்கலாம். அந்தக் கொட்டேஷனுக்கு ஒரே ஒரு விலைதான் வந்திருந்தது. அதன்பின் ஒரே விலை வரும் கொள்முதல்களைப் பார்க்கும் பார்வையே கடுமையானது.

அதிகாரிக்குக் கோப்பி வாங்கித் தருவதுகூட அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். அரசாங்க ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட லஞ்சத்துக்கு 7 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் வெள்ளிவரை அபராதம். தனியார் விவகாரம் என்றால் சிறை உச்சவரம்பு 5 ஆண்டு. அரசாங்க வேலை என்பதாலேயே தண்டனை கூடுகிறது. உங்கள் உறவினர் யாராவது அந்த அமைப்பில் வேலை செய்தால் அதை முதலிலேயே எழுதித் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால்தான் சிக்கல்.

பழக்கம் உதவும் இடம் ஒன்று உண்டு. சிறு கொள்முதலில் அதிகாரி நேரடியாக விசாரிக்கும்போது உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வர வேண்டும். அதற்குத் தொழில்சார்ந்த கருத்தரங்குகளில் பேசுங்கள், எழுதுங்கள், இணையத்தில் உங்கள் வேலையின் மாதிரிகளை வையுங்கள். இதெல்லாம் நேர்மையான அறிமுகம்.

வருகிற எல்லா அழைப்புக்கும் விலை கொடுக்கலாமா?

வேண்டாம். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்து ஓர் ஆண்டில் களைத்துப்போனேன். ஒழுங்கான முன்மொழிவு எழுத எனக்கு நான்கு முழு நாள் ஆகிறது. கிடைக்காத வேலைக்கு நான்கு நாள் என்பது சம்பளமில்லாத நான்கு நாள்.

இப்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன். கேட்கப்பட்ட அனுபவத்தில் முக்கால்வாசியாவது என்னிடம் இருக்கிறதா என்பது முதலாவது. இரண்டாவது, இதே அமைப்பு இதற்கு முன் இதே மாதிரி வேலையை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுத்தது என்பது. ஜிபிஸில் முடிந்த அழைப்புகளைத் திறந்தால் வென்றவர் பெயரும் தொகையும் இருக்கும். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலும் இப்படி ஒரு பட்டியல் கிடைக்கிறது. இவ்வளவு வெளிப்படையாகக் கொடுத்திருப்பதைப் பலர் ஒரு தடவைகூடத் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு மனவருத்தமாகவே இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் துறைச் சொற்களைத் தட்டித் தேடிப் பாருங்கள். எந்த அமைப்பு வழக்கமாக வாங்குகிறது, என்ன விலைக்கு வாங்குகிறது என்று ஒரு வரைபடமே கையில் கிடைத்துவிடும். அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடிகிறது. எந்த மாதத்தில் எது வரும் என்ற ஓட்டமும் அந்தப் பட்டியலிலேயே தெரியும்.

முன்மொழிவை எப்படி எழுதுவது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் தாளைப் படிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் மேசையில் ஏழு முன்மொழிவுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, ஏன் அந்த மதிப்பெண் என்று அறிக்கை எழுதி, மேலே ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். நாளை யாராவது கேட்டால் அந்த அறிக்கைதான் அவருக்குத் துணை. ஆகவே உங்கள் முன்மொழிவிலிருந்து அவர் எடுத்து அறிக்கையில் வைக்கக்கூடிய வரிகள் இருக்க வேண்டும். 'இவர் திறமைசாலிபோல் தெரிகிறது' என்று அவர் எழுத முடியாது. 'தேவை 3.2ஐ நிறைவு செய்கிறார், பக்கம் 6 பார்க்கவும்' என்று எழுத முடியும். அந்த வரியை எழுத அவருக்கு உதவுவதுதான் நம் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. தேவைப் பட்டியலில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: '3.2 ஆலோசகர் முதியோர் 20 பேரை அவரவர் தாய்மொழியில் நேர்காண வேண்டும்.' நான் ஆரம்பத்தில் எழுதிய பதில்: 'எங்களுக்குப் பன்மொழி ஆற்றலும் முதியோருடன் பழகிய நீண்ட அனுபவமும் உண்டு.' படிக்க நன்றாக இருக்கிறது, மதிப்பெண் போட ஒன்றும் இல்லை. இப்போது இப்படி எழுதுகிறேன்: 'தேவை 3.2: நிறைவு செய்கிறோம். 20 பேரில் 10 பேர் மாண்டரின், 5 பேர் மலாய், 5 பேர் தமிழ். தமிழ் நேர்காணலை நானே செய்வேன். மாண்டரின், மலாய் நேர்காணலைச் செய்யும் இருவரின் தகுதிக் குறிப்பு இணைப்பு 2இல். ஒவ்வொரு நேர்காணலும் 45 நிமிடம், முதியவரின் வீட்டிலோ அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திலோ. ஒப்புதல் படிவம் மூன்று மொழிகளில், மாதிரி இணைப்பு 4இல்.'

எல்லாத் தேவைகளுக்கும் இப்படி ஓர் அட்டவணை போடுங்கள். முதல் கட்டத்தில் அவர்களின் வரி எண், அடுத்ததில் அவர்கள் கேட்டது, அதற்கடுத்து உங்கள் பதில், கடைசியில் பக்க எண். அவர்கள் வைத்த வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் வரிசை இன்னும் அழகாக இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருக்கும் மதிப்பெண் தாள் அவர்களின் வரிசையில்தான் அச்சாகியிருக்கிறது.

நிறுவன வரலாறு, தொலைநோக்கு எல்லாம் கடைசியில் ஒரு பக்கம் போதும். வேலையை யார் செய்யப்போகிறார் என்பதைப் பெயரோடு முன்னால் வையுங்கள். பெரிய நிறுவனம் முன்மொழிவில் மூத்த பங்காளியைக் காட்டிவிட்டு, வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவரை அனுப்புவது உண்டு. நீங்கள் தனி ஆள், விற்பவரும் செய்பவரும் நீங்கள்தான். அதை வெட்கப்படாமல் பலமாகச் சொல்லுங்கள். கூடவே, உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் தொடர்வார் என்பதையும் எழுதுங்கள். தனி ஆளைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் பெரிய அச்சம் அதுதான்.

குறைந்த விலைக்குத்தான் கொடுப்பார்களா?

சாதாரணப் பொருள்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆலோசனை வேலையில் தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி எடை கொடுப்பது வழக்கம். அந்த எடை ஆவணத்தில் இருந்தால் முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரத்துக்கு 60, விலைக்கு 40. மிகக் குறைந்த விலை கொடுத்தவர் 48,000 வெள்ளி, நீங்கள் 60,000 வெள்ளி. குறைந்த விலையை உங்கள் விலையால் வகுத்து 40ஆல் பெருக்கினால் விலைக்கு உங்களுக்கு 32, அவருக்கு முழு 40. தரத்தில் அவருக்கு 38, உங்களுக்கு 50 என்றால் மொத்தம் அவருக்கு 78, உங்களுக்கு 82. 12,000 வெள்ளி கூடுதலாகக் கேட்டும் நீங்கள் முன்னால். எடையைத் திருப்பிப் போட்டு விலைக்கு 60, தரத்துக்கு 40 என்று வைத்தால் இதே ஆட்டத்தில் தோற்றுவிடுவீர்கள். சூத்திரம் அமைப்புக்கு அமைப்பு மாறலாம், பழகிக்கொள்ள இது போதும். சில ஏலக்குத்தகைகளில் தர உறையும் விலை உறையும் தனித்தனி. தரத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் விலையைத் திறப்பார்கள்.

கட்டட வடிவமைப்பு, பொறியியல், அளவைக் கணிப்பு போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு வேறு பாதை. கட்டட, கட்டுமான ஆணையம் பொதுத்துறை ஆலோசகர் குழுப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது, தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறையும் அவர்களுக்கென்றே உண்டு. அந்தத் துறைக்காரர்கள் முதலில் அந்தப் பட்டியலில் சேரப் பாருங்கள்.

விலையை எப்படிப் போடுவது? நாள் கணக்கா, மொத்தமா?

கேட்பவர்கள் மொத்த விலை கேட்டாலும் நீங்கள் நாள் கணக்கில் போட்டுத்தான் மொத்தத்துக்கு வர வேண்டும். மேலே சொன்ன 20 நேர்காணலையே எடுத்துக்கொள்வோம். 'ஆளுக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் 15 மணி நேரம், இரண்டு நாள் வேலை' என்று முதல் தடவை நான் கணக்குப் போட்டேன். அந்த வேலையில் எனக்கு மிஞ்சியது அனுபவம் மட்டும்தான்.

உண்மையில் என்ன நடக்கும்? ஜூரோங்கில் ஒரு பாட்டி, பிடோக்கில் ஒரு தாத்தா. நாளைக்கு மூன்று பேருக்குமேல் பார்க்க முடியாது. ஒரு பாட்டி மருத்துவமனைக்குப் போயிருப்பார், இன்னொரு நாள் திரும்பப் போக வேண்டும். இன்னொருவர் முதலில் சாப்பிடச் சொல்வார். சாப்பிடாமல் பேசினால் அவருக்கு மனம் திறக்காது. ஆக 7, 8 நாள் ஓடிவிடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க எனக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கிறது. 15 மணி நேரப் பதிவு என்றால் 60 மணி நேரத்துக்குக் குறையாது, அது இன்னொரு 8 நாள். தமிழ் நேர்காணலை ஆங்கில அறிக்கைக்கு மொழிபெயர்ப்பது தனி. பிறகு அலசல், முதல் வரைவு, அவர்கள் கருத்து, இரண்டாம் வரைவு, விளக்கக் கூட்டம். இரண்டு நாள் என்று நினைத்தது நான்கு வாரமாகிறது.

வரைவு எத்தனை முறை திருத்தப்படும் என்பதை விலையோடு எழுதிவிடுங்கள். 'இரண்டு சுற்றுத் திருத்தம் இந்த விலையில் அடங்கும்' என்ற ஒரே வரி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவர்களின் ஒப்பந்த நிபந்தனைக்கு முரணாக எதையும் சேர்த்து வைக்காதீர்கள், அதற்காகவே முன்மொழிவை ஒதுக்கிவிடலாம். சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்கும் காலத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளிக்குக் கீழ் என்றால் அதற்குப் பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியைக் கேட்கக்கூடாது.

அனுபவமே இல்லை. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். எப்படித் தொடங்குவது?

அரசாங்க அனுபவம் வேறு, அனுபவம் வேறு. தனியார் நிறுவனத்திலோ தொண்டூழிய அமைப்பிலோ இதே வேலையைச் செய்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். தேவைப் பட்டியல் 'அரசாங்கத்துக்குச் செய்த வேலை' என்று குறிப்பாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் அந்த வாடிக்கையாளரிடமிருந்து அரைப் பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். வேலை முடிந்த வாரமே கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பெரிய நிறுவனத்துக்குத் துணை ஆலோசகராகப் போவதும் நல்ல வழி. அப்படித்தான் நான் முதல் பெரிய ஏலக்குத்தகையின் உள்ளே நுழைந்தேன். நிதி நிலை, படிவம், அரசாங்கத் தளம் பற்றிய சந்தேகங்களுக்குச் சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபையின் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நிலையம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தமிழிலேயே பேசலாம்.

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலையாக எடுக்கலாமா?

கூடாது, அது சட்டத்துக்குப் புறம்பானது. ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே விலை கொடுப்பது சரி, அதை முன்மொழிவில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தனித்தனியாக விலை கொடுப்பதுபோல் காட்டிவிட்டு 'இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்' என்று பேசிவைப்பது கூட்டுச்சதி. 2008இல் ஆறு பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கு இதற்காக அபராதம் விழுந்தது. சட்டப்படி, உள்ளூர் வருவாயில் ஆண்டுக்கு 10 விழுக்காடுவரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு அபராதம் விதிக்க முடியும். 'ஒரு பேச்சுக்கு அவர் விலையைக் கேட்டேன்' என்பதுகூட ஆபத்தான பேச்சு. விலையை வீட்டுக்கு வெளியே பேசாதீர்கள்.

கடைசி நாளில் அனுப்பினால் என்ன?

நான் மூன்று வாரம் எழுதிய முன்மொழிவை இழந்த கதையைச் சொல்கிறேன். மாலை 4 மணிக்கு மூடும். கோர்ப்பாஸில் ஜிபிஸ் உரிமையை எனக்கு உதவும் நண்பருக்கு மட்டும் ஒதுக்கியிருந்தோம். அன்று பிற்பகல் அவருடைய மகனுக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் இருந்தார். கைப்பேசியை எடுத்தபோது மணி 3:35. அவர் கைப்பேசியிலிருந்தே உள்ளே போய், நான் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்ற முயன்றார். விலைப் பகுதியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது திரை மாறிவிட்டது. 4:00. அந்தத் தளத்தில் கெஞ்சிக் கேட்க ஆள் இல்லை, இருக்கவும் கூடாது. எனக்காக ஒரு நிமிடம் திறந்தால், நேரத்தோடு அனுப்பிய மற்றவருக்கு அது அநியாயம்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கு உரிமை ஒதுக்கியிருக்கிறோம், முந்தின நாளே அனுப்பிவிடுகிறோம். அனுப்பிய பிறகும் மூடும் நேரம்வரை மாற்றி அனுப்ப வழி உண்டு. அப்புறம், அனுப்பும் நாள் காலையில் திருத்த அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். விலைப் படிவத்தையே மாற்றிப் போட்டிருப்பார்கள். பழைய படிவத்தில் கொடுத்தால் உள்ளே எவ்வளவு நல்ல யோசனை இருந்தாலும் பயன் இல்லை.

தமிழ் தெரிந்திருப்பது உதவுமா?

நிச்சயமாக. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம் மொழியும் ஒன்று. சுற்றறிக்கை, கண்காட்சிப் பலகை, சுகாதாரக் கையேடு என்று தமிழில் வர வேண்டியவை ஏராளம். மொழிபெயர்ப்புத் தரத்தைக் கவனிக்க 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவே அமைத்தார்கள். பள்ளிகள் தமிழ்ப் பட்டறைகளுக்குப் பயிற்றுநர்களைத் தேடுகின்றன. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடங்களில் வரலாற்று ஆய்வுக்கும் எழுத்துக்கும் ஆள் தேவை.

ஒரு வேண்டுகோள். சொல்லுக்கு இத்தனை காசு என்று அடிமட்ட விலை போட்டு, இயந்திரத்தில் தட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் மொழிபெயர்ப்பு சரியாகவே இருந்திருக்கும், அச்சுக்குப் போகும்போது எழுத்துரு உடைந்திருக்கும். ஆகவே 'அச்சுக்குப் போகும் இறுதிப் பிரதியை நானே படித்துக் கையெழுத்திடுவேன்' என்பதைத் தனி வரியாக முன்மொழிவில் சேர்த்து, அதற்கும் விலை போடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டிகள் படிக்கும் மருந்துக் குறிப்பு அது, உடையாமல் போய்ச் சேர வேண்டும்.

விலை கொடுத்த பிறகு மனம் மாறினால் விலகலாமா?

மூடும் நேரத்துக்கு முன் விலகலாம். மூடிய பிறகு விலகினால் அரசாங்க வேலைகளுக்கு விலை கொடுக்கவே தடை விதிக்கக்கூடும். அதற்கென்று நிதி அமைச்சில் நிலைக்குழு உண்டு. கணக்கில் தவறு என்றாலும் கொடுத்த விலை கொடுத்ததுதான். அனுப்பும் முன் வேறொருவரைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோற்றுவிட்டால் காரணம் கேட்கலாமா?

மரியாதையாகக் கேளுங்கள். மற்றவர்களின் முன்மொழிவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், உங்களுடையதில் எங்கே குறை என்று சொல்லக்கூடும். ஓர் அதிகாரி எனக்கு இரண்டே வரியில் பதில் அனுப்பினார்: முறை நன்றாக இருந்தது, காலவரையறைதான் நம்பும்படி இல்லை. அதிலிருந்து வார வாரியாக அட்டவணை போடத் தொடங்கினேன். வென்றவரின் விலையைத் தளத்தில் பார்த்து உங்கள் விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே ஏட்டில் குறித்து வாருங்கள். இருபது வரிகள் சேர்ந்தபின் அந்த ஏடு பேசத் தொடங்கும்.

வென்றாயிற்று. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதம் கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். 'அவசரம், நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள், தாள் பின்னால் வரும்' என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. பின்னால் அனுமதி வாங்குவது அவருக்குத்தான் தணிக்கையில் சிக்கலாகும். அதை அவரிடமே பணிவாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பிறகு ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து. தொழில்சார் காப்புறுதி கேட்டிருந்தால் அதன் சான்றிதழ். நீங்கள் எழுதும் அறிக்கை யாருக்குச் சொந்தம் என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தம். உங்கள் பழைய பயிற்சிக் கருவிகளை அதில் பயன்படுத்தினால் அவை ஏற்கனவே உங்களுடையவை என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை அரசாங்கம் நல்ல வாடிக்கையாளர். விலைச்சிட்டையை மின்வழியில்தான் அனுப்ப வேண்டும். சரியாக அனுப்பினால் வழக்கமாக 30 நாளுக்குள் வங்கியில் பணம் விழுந்துவிடும். கொள்முதல் எண்ணை ஓர் இலக்கம் தப்பாகப் போட்டால் திரும்பி வரும், 30 நாள் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். கட்டம் கட்டமாகப் பணம் என்றால், எந்தக் கட்டம் முடிந்தது என்பதை அதிகாரி ஒப்புக்கொண்ட மின்னஞ்சலைச் சிட்டையோடு இணையுங்கள்.

முதல் கூட்டம் முடிந்த அன்றிரவே குறிப்பு எழுதி அனுப்பிவிடுங்கள்: என்ன முடிவானது, யார் எதை எந்தத் தேதிக்குள் தருவது, உங்களுக்குத் தர வேண்டிய பெயர்ப்பட்டியல் எப்போது வரும். அந்தப் பட்டியல் இரண்டு வாரம் தாமதமாக வந்தால் உங்கள் அறிக்கையும் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அதைப் பேசித் தீர்க்க, நீங்கள் அன்றிரவு அனுப்பிய அந்த மின்னஞ்சல் தேவைப்படும்.